நெசல் இலை முத்திரை உள்ளதும் இல்லாததும்: இரண்டு சிக் சாவர் பி226 கைத்துப்பாக்கிகள்

பாளையங்கோட்டையில் முன்னாள் படைவீரர் கேன்டீன் வரிசையில் நின்றபோது தொடங்கிய வாக்குவாதம் இது. என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர், "அண்ணாச்சி, சிக் சாவர் என்றால் ஜெர்மனியில் செய்ததுதான். இப்போது அமெரிக்காவில் செய்து அனுப்புவதற்குப் பெயர் மட்டும்தான் சிக்" என்று அடித்துச் சொன்னார். அவருக்கு அதைச் சொன்னவர் யாரோ ஒரு துப்பாக்கி வியாபாரி. நான் ராணுவத் தளவாடங்களைப் பழுது பார்க்கும் இ.எம்.இ. படைப்பிரிவில் 24 ஆண்டுகள் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவராக இருந்தவன். துப்பாக்கியைக் கழற்றிப் பார்க்காமல் நல்லது கெட்டது சொல்வது எனக்குப் பழக்கமில்லை. மகளைப் பார்க்க அமெரிக்கா போகிறேன், பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

மகள் இருப்பது நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நாஷுவா நகரத்தில். சிக் சாவர் நிறுவனத்தின் தலைமையிடமும் பெரிய தொழிற்சாலையும் அதே மாநிலத்தில், கடலோரத்தை ஒட்டிய நியூயிங்டனில் இருக்கின்றன. தொழிற்சாலைக்குள் நான் போகவில்லை. ஆனால் மருமகனின் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற தபால் ஊழியர், 1988ஆம் ஆண்டு செய்த ஜெர்மன் பி226 ஒன்றை வைத்திருந்தார். அதே துப்பாக்கியின் அமெரிக்கத் தயாரிப்பு, அவர் வழக்கமாகச் செல்லும் சுடுதளத்தில் வாடகைக்குக் கிடைத்தது. ஒரே நாளில் இரண்டையும் கழற்றிப் பார்க்கவும் சுட்டுப் பார்க்கவும் வாய்ப்பு அமைந்தது.

போகிறவர்களுக்கு ஒரு தகவல். சுற்றுலா விசாவில் அமெரிக்கா செல்பவர், பொதுவாக அங்கே துப்பாக்கியைக் கையில் எடுப்பதே சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் ஒன்று வைத்திருந்தால் அந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. மருமகன் வேறொரு மாநிலத்தின் உரிமத்தை இணையத்தில் முன்பே வாங்கி வைத்திருந்தார். சுடுதளத்தில் பாஸ்போர்ட்டையும் அந்தத் தாளையும் பொறுமையாகச் சரிபார்த்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் ஜெர்மன் துப்பாக்கி. ஸ்லைடின், அதாவது குழலை மூடியிருந்து சுடும்போது பின்னால் போய்த் திரும்பும் மேல்பாகத்தின், பக்கவாட்டில் 'மேற்கு ஜெர்மனியில் செய்தது' என்ற பொறிப்பு. அப்படி ஒரு நாடே இப்போது இல்லை. ஸ்லைடின் முன்புற அடியில் 'ஜே', 'ஜே' என்று இரண்டு எழுத்துகள். ஜெர்மனியில் ஆண்டை எழுத்தில் குறிப்பார்கள்: ஏ என்றால் சுழியம், பி என்றால் ஒன்று, இப்படியே போய், ஐ என்ற எழுத்தை விட்டுவிட்டு, ஜே என்றால் எட்டு. இரண்டு ஜே என்றால் 88. அருகில் சிறியதாக ஓர் இலை முத்திரை. அது கீல் நகரத்தில் உள்ள அரசுச் சோதனைக்கூடத்தின் அடையாளம், ஹோல்ஸ்டைன் பகுதியின் நெசல் இலை. தொட்டால் அரிக்கும் செடி, நம் ஊர்ச் செந்தட்டியைப் போல. வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவை அந்தக் கூடத்தில் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கியது என்று உறுதி செய்த பிறகுதான் அந்த இலையைப் பதிப்பார்கள். அது இல்லாமல் ஜெர்மனியில் துப்பாக்கியை விற்க முடியாது.

அமெரிக்கத் துப்பாக்கியில் அந்த இலை இல்லை. அமெரிக்காவில் அப்படிப்பட்ட அரசுச் சோதனைக்கூடமும் இல்லை. செய்கிற நிறுவனமே சோதித்துக்கொள்கிறது. இந்த இடமாற்றத்தில் உண்மையாகவே இழந்தது எது என்று கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். செய்தவன் கண்ணுக்குத் தன் பொருள் எப்போதும் நன்றாகத்தான் தெரியும். சம்பந்தமில்லாத மூன்றாவது கண் ஒன்று பார்ப்பது வேறு. படையில் நான் பழுது பார்த்த துப்பாக்கியை நானே தேர்ச்சி பெற்றதாக எழுதிக்கொள்ள முடியாது. ஆய்வாளர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். அந்த ஒழுங்கில் வளர்ந்தவனுக்கு அந்த முத்திரை இல்லாத இடம் வெறுமையாகத்தான் தெரிகிறது.

கழற்றிய பிறகு பார்த்தது நண்பரின் வாதத்துக்கு நேர்மாறாக இருந்தது. ஜெர்மன் ஸ்லைடு, தகட்டை மடித்து அழுத்தி உருவாக்கியது. முன்பகுதியைத் தனியாகச் செய்து பற்றவைத்திருக்கிறார்கள். தோட்டாவின் பின்னால் நிற்கும் கட்டையும் தனி. அதை ஸ்லைடுக்குள் செருகி, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுருள் ஊசிகளை அடித்துப் பிடித்திருக்கிறார்கள். மலிவாகவும் வேகமாகவும் செய்வதற்காகக் கண்டுபிடித்த முறை இது. அதை இவ்வளவு துல்லியமாகச் செய்திருப்பது ஜெர்மானியர்களின் திறமை. ஆனால் அந்தச் சுருள் ஊசிகளைக் குறிப்பிட்ட எண்ணிக்கைச் சுடுதலுக்குப் பிறகு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தகடும் சாதாரணக் கார்பன் எஃகு, வியர்வை பட்டால் துருப்பிடிக்கும். அமெரிக்க ஸ்லைடோ துருப்பிடிக்காத எஃகு, ஒரே பாளத்திலிருந்து கடைந்து எடுத்தது. ஒட்டு இல்லை, சுருள் ஊசி இல்லை.

இந்த மாற்றத்துக்குக் காரணம் தோட்டா. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கக் காவல் துறைகள் .40 எஸ் அண்ட் டபிள்யூ என்ற வலுவான தோட்டாவுக்கு மாறின. தகட்டு ஸ்லைடு அந்த உதையைத் தாங்காது என்பதால், பி229 என்ற மாதிரிக்கு அமெரிக்காவிலேயே பாளத்தைக் கடைந்து ஸ்லைடு செய்தார்கள். பிறகு அதே முறை பி226க்கும் வந்தது. 'அசல்' என்று நம்மவர்கள் கொண்டாடும் ஜெர்மன் ஸ்லைடு சிக்கனத்தில் பிறந்தது. 'பெயருக்கு' என்று ஒதுக்கும் அமெரிக்க ஸ்லைடு, வேலையிலும் பொருளிலும் அதிகச் செலவு பிடிப்பது. உவரி, கூடங்குளம் பக்கத்து உப்புக்காற்றில் இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னால் யோசிக்காமல் அமெரிக்கத் துப்பாக்கியைத்தான் எடுப்பேன். நம் நாட்டில் 9 மி.மீ. தடை செய்யப்பட்ட அளவு. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் உரிமம் வாங்கியவர்களுக்கும் அது கிடைக்காது. எனவே இது வெறும் ஆசைக்கணக்குதான்.

சுட்டுப் பார்த்த கதைக்கு வருகிறேன். ஒவ்வொன்றிலும் நூறு தோட்டாக்கள், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த, குண்டின் எடை 115 கிரெயின் உள்ள தோட்டாக்கள். 25 கெஜ தூரத்தில் கையை மணல்மூட்டையில் தாங்கவைத்து ஐந்து ஐந்தாகச் சுட்டேன். ஜெர்மன் துப்பாக்கியின் ஐந்து துளைகள் இரண்டே முக்கால் அங்குலத்துக்குள் அடங்கின, அமெரிக்கத் துப்பாக்கியின் துளைகள் இரண்டரை அங்குலத்துக்குள். இந்தக் கால் அங்குலம் துப்பாக்கியின் வேறுபாடு இல்லை, என் கண்ணின் வேறுபாடு. 60 வயதைத் தாண்டிய கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கையில்தான் வேறுபாடு தெரிந்தது. அமெரிக்கத் துப்பாக்கியின் ஸ்லைடு கனம் என்பதால் முன்பக்கம் சற்றே தாழ்கிறது. சுட்டதும் குழல் எழும்பி மறுபடி குறிக்கு வந்து அமரும் வேகம் அதில் கூடுதல். வேகமாக இரண்டு இரண்டாகச் சுட்டபோது இது நன்றாகத் தெரிந்தது. ஜெர்மன் துப்பாக்கி கையில் இலேசாக, உயிரோடு இருப்பதுபோல் இருந்தது. விசையைப் பொறுத்தவரை, இரண்டிலும் முதல் இழுப்பு நீளமானது, கனமானது; அடுத்தடுத்த இழுப்புகள் குறுகியவை. கைப்பிடிக்கு மேலே இடப்பக்கத்தில் உள்ள நெம்பை அழுத்தினால் ஹேமர் என்ற சுத்தியல் சுடாமல் பத்திரமாக இறங்கும். அந்த நெம்பின் வேலைப்பாடு, பக்கத்து வீட்டுக்காரரின் பழைய துப்பாக்கியில் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இருந்தது. புதியதில் சற்று விறைப்பு. முப்பத்தைந்து ஆண்டுகள் பயன்பட்ட உலோகத்தையும் அண்மையில் பிறந்த உலோகத்தையும் ஒப்பிடும்போது இதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. இருநூறு தோட்டாக்களிலும் ஒரு சிக்கல்கூட இல்லை, ஒரு கூடுகூட உள்ளே மாட்டவில்லை.

நண்பர் சொன்ன ஜெர்மனி அதன் பிறந்த வீடும் இல்லை. இந்தத் துப்பாக்கிக் குடும்பத்தின் தாய், ரைன் அருவிக்கு அருகில் நியூஹவுசன் என்ற சுவிஸ் ஊரில் இருந்த சிக் நிறுவனத்தில் பிறந்தாள். சுவிட்சர்லாந்தின் ஆயுத ஏற்றுமதிச் சட்டம் கடுமையானது. வெளியே விற்க வேண்டுமென்றால் வெளியே செய்ய வேண்டும். அதனால் 1751இல் தொடங்கிய ஜெர்மனியின் பழைய நிறுவனமான ஜே.பி. சாவரோடு சேர்ந்தார்கள். அந்தச் சாவரும் சூல் நகரத்தில் பிறந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பால்டிக் கடலோரத்து எக்கர்ன்ஃபோர்டவில் குடியேறியதுதான். அமெரிக்க ராணுவத்தின் புதிய கைத்துப்பாக்கிக்காக 1984இல் நடந்த போட்டிக்கென்றே பி226ஐ உருவாக்கினார்கள். இறுதிச் சுற்றில் விலையில் பெரெட்டாவிடம் தோற்றார்கள். தோற்ற துப்பாக்கியை அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையான சீல் வீரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் போட்டியில் ஒரு நிபந்தனை இருந்தது: வென்றவர் அமெரிக்க மண்ணில் செய்ய வேண்டும். இத்தாலியின் பெரெட்டா மேரிலாந்தில் செய்துகொடுத்தது. தனியார் சந்தைக்கும் இதேபோல ஒரு தள்ளுதல் உண்டு. 1968இல் வந்த அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், இறக்குமதியாகும் கைத்துப்பாக்கிகளுக்கு அளவு, எடை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். சிறிய துப்பாக்கிகள் அதில் தேறுவதில்லை. ஆனால் அதே துப்பாக்கியை உள்ளூரில் செய்தால் அந்த மதிப்பெண் கிடையாது. வால்தர் பிபிகே என்ற சிறிய ஜெர்மன் கைத்துப்பாக்கி இப்படித்தான் தடைபட்டு, பின்னர் அமெரிக்காவிலேயே செய்யப்பட்டது. ஆஸ்திரியாவின் குளாக் நிறுவனம் 2014இல் வெளியிட்ட சிறிய குளாக் 42ஐ ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்மிர்னாவில் செய்ததும் இந்தக் கணக்கில்தான். சிக் 1985இல் விர்ஜினியாவில் ஓர் அலுவலகம் திறந்து, 1990இல் நியூ ஹாம்ப்ஷயரின் எக்ஸெட்டருக்கு வந்து, பிறகு நியூயிங்டனில் விரிந்தது. 2017இல் அமெரிக்க ராணுவம் அவர்களுடைய பி320 கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தபோது உற்பத்தியின் எடை முழுவதுமாக இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. நம் படை 2019இல் வாங்க ஒப்பந்தம் செய்த 72,400 சிக் 716 ரைபிள்களும் அமெரிக்கச் சிக் நிறுவனத்திடமிருந்து வந்தவைதான்.

அதே 2019இல் கீல் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிந்தது. எக்கர்ன்ஃபோர்டவில் செய்து அமெரிக்காவுக்கு என்று அனுமதி பெற்ற ஏறத்தாழ 38,000 கைத்துப்பாக்கிகள் கொலம்பியாவுக்குப் போய்ச்சேர்ந்ததற்காக நிறுவனத்தின் உயர் அதிகாரிகளுக்குத் தண்டனை அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 2020 ஜூனில், எக்கர்ன்ஃபோர்டத் தொழிற்சாலையை மூடப்போவதாக நிறுவனம் அறிவித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு வேலை போயிற்று. அவர்களில் போட்டித் துப்பாக்கிகளைக் கையால் உரசி உரசிப் பொருத்திய மூத்த தொழிலாளர்களும் இருந்திருப்பார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. காரணம் என் அப்பா.

அப்பா கொல்லர். திசையன்விளைப் பக்கம் பனையேறிகளுக்குப் பாளை அரிவாள் அடித்துக் கொடுத்தவர். பாளை சீவும் அரிவாளின் வாய் சவரக்கத்தி மாதிரி இருக்க வேண்டும், உதிரவும் கூடாது. அவருடைய பட்டறைக்குப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் தோய்ச்சல் கொடுத்தால்தான் அந்த வாய் வரும் என்று சுற்றுவட்டாரமே நம்பியது. தாமிரபரணித் தண்ணீர் இல்லாமல் அல்வா வராது என்று சொல்வதுபோல். இடத்துக்காரர் இடத்தைக் கேட்டதால், நான் ஆறாவது படிக்கும்போது, மூன்று மைல் தள்ளிப் புதுப் பட்டறை போட்டார். அதே இரும்பு, அதே துருத்தி, அதே கை. ஆனால் அரிவாள்கள் வாய் உதிர்ந்து திரும்பி வந்தன. "தண்ணீர் மாறிவிட்டது" என்றார்கள். அப்பா பழைய கிணற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து தோய்த்தார். நானும் சுமந்திருக்கிறேன். அப்போதும் உதிர்ந்தது.

இரண்டு மாதம் கழித்துத்தான் பிடிபட்டது. பழைய பட்டறை தாழ்வான பனையோலைக் கூரை, உள்ளே எப்போதும் மங்கல். புதியது மேற்குப் பார்த்தது, வெளிச்சம் கொட்டியது. வெளிச்சத்தில் இரும்பின் சிவப்பு கண்ணுக்குக் குறைவாகத் தெரியும். வழக்கமான நிறம் வரட்டும் என்று காத்திருந்து, தன்னை அறியாமல் இரும்பை அதிகமாகக் காய்ச்சிவிட்டார். மேற்குப் பக்கம் ஓர் ஓலைத் தட்டியை நிறுத்தினார். அந்த வாரமே பழைய வாய் திரும்பிவிட்டது.

தொழில் இடம் மாறும்போது வரைபடம் போகிறது, இயந்திரம் போகிறது. அந்த மங்கலான வெளிச்சம் போவதில்லை. அது எந்தத் தாளிலும் எழுதப்பட்டிருக்காது, செய்தவருக்கே தெரிந்திருக்காது. புதிய இடத்தில் தவறு செய்துதான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பிபிகேயின் அமெரிக்க உற்பத்தி ஸ்மித் அண்ட் வெஸன் கையில் இருந்தபோது, ஹேமரை இறக்கும்போது தோட்டா வெடித்துவிடலாம் என்ற காரணத்துக்காக 2009 பிப்ரவரியில் திரும்பப் பெற வேண்டிவந்தது. பல பத்தாண்டுகள் வயதான, உலகம் அறிந்த வடிவமைப்பு. அதற்கே அப்படி. எனவே இடமாற்றத்தைச் சந்தேகிப்பவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பி226க்கு அமெரிக்காவில் ஓலைத் தட்டியைத் தேட நீண்ட காலம் கிடைத்தது. 2020இல் திடீரென்று மூட்டை கட்டிக்கொண்டு போனதல்ல இது. 1990களிலிருந்தே ஒவ்வொரு பாகமாக அங்கே கற்றுக்கொண்டு செய்தது. நான் கையில் எடுத்தது அந்தக் கற்றலுக்குப் பிந்தைய துப்பாக்கி. அது தெரிந்தது.

படையில் நான் அதிகம் கழற்றிய கைத்துப்பாக்கி இச்சாப்பூரில் செய்த 9 மி.மீ. ஆட்டோ 1ஏ. அமெரிக்கரான ஜான் பிரௌனிங் தொடங்கி, அவர் இறந்த பிறகு பெல்ஜியத்தில் முடிக்கப்பட்டு, போர்க்காலத்தில் டொரண்டோவின் இங்கிலிஸ் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, அந்தக் கனடா மாதிரியில் வங்காளத்துக்கு வந்தது. பி226இன் குழல் சாய்ந்து பூட்டும் முறையும் பிரௌனிங் வழியில் வந்ததே. இன்னொன்றும் நம் மண்ணில் சொல்ல வேண்டும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங்தான். அமெரிக்கரின் மூளை, பெல்ஜியத் தொழிலாளியின் அரம், செங்கோட்டைக்காரரின் கை. அந்தத் துப்பாக்கி எந்த ஊர்ச் சரக்கு என்று யார் கேட்கிறார்கள்?

எக்கர்ன்ஃபோர்ட பற்றி மருமகன் தேடிப் படித்துச் சொன்னது ஒன்று. புகையில் வாட்டிய சிறுமீனுக்கு அந்த ஊர் பேர்போனது. ஆனால் உலகம் அதைக் 'கீல் மீன்' என்றுதான் அழைக்கிறது, முன்காலத்தில் கீல் ரயில் நிலைய முத்திரையோடு வெளியூர் போனதால்.

நண்பருக்கு என் பதில் இதுதான்: சுடுவதற்கும் வைத்துக்கொள்வதற்கும் அமெரிக்கத் துப்பாக்கி மேல். கையில் பிடித்து ரசிக்க ஜெர்மன். தகட்டை மடித்து அப்படி ஒரு ஸ்லைடு செய்யும் வேலை இனி வராது என்பதால் பக்கத்து வீட்டுக்காரர் அதை விற்க வேண்டாம் என்று அவரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். கூடுதல் விலை கொடுத்து 'மேற்கு ஜெர்மனி' பொறிப்பைத் தேடி அலைபவர்கள் அந்தச் சுருள் ஊசிகளை முதலில் பார்க்கட்டும்.

ஊருக்குக் கிளம்பும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நம் விமான நிலையங்களில் பையில் ஒரு தோட்டா அகப்பட்டால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. காலிக் கூடு என்றாலும் விளக்கம் சொல்லி மாளாது. சுடும்போது கூடுகள் தெறித்து எங்கே வேண்டுமானாலும் விழும். நான் சட்டைப்பை, கால்சட்டை மடிப்பு, ஷூ எல்லாவற்றையும் உதறினேன். ஸ்வெட்டரின் கழுத்து மடிப்பிலிருந்து பித்தளைக் கூடு ஒன்று மேசையில் விழுந்து உருண்டது. பேத்தி அதை எடுத்து, வாயில் வைத்து ஊதி, "விசில் மாதிரி இருக்கிறது தாத்தா" என்றாள். சோப்பு போட்டுக் கழுவி அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.